சவரின் மேல் நிற்கும் நல்ல தண்ணி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. வழுக்கியாறும் மாரி போனால் வறண்டுவிடும். ஆனாலும் தலைமுறை தலைமுறையாகச் சனம் நெருங்கிக் குடியிருந்து, வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைவித்த மண் இது. எல்லாம் கிணற்றை நம்பித்தான்.

கிணற்றின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். வெடிப்பும் பொந்தும் நிறைந்த கல். ஐப்பசி, கார்த்திகை மழை செம்மண்ணைக் கடந்து அதற்குள் இறங்குகிறது. அதே கல்லுக்குள், இன்னும் கீழே, கடல்நீர் நிற்கிறது. மழைநீர் பாரம் குறைந்ததால் உப்புநீரின்மேல் மிதக்கிறது. நிலத்தின் நடுவே தடித்தும் கரையோரம் மெலிந்தும் கிடக்கிறது. என் கிணறு, உன் கிணறு என்று வேலி போட்டுப் பிரித்தாலும் நாம் அள்ளுவது இந்த ஒரே படையைத்தான்.

கடல்மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணி ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நல்ல தண்ணி இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்திலும், 1901இல் ஜேர்மனியிலும் எழுதிவைத்த கணக்கு இது. இதைத் திருப்பிப் பார்க்கும்போதுதான் பயம் வருகிறது. நீர்மட்டம் ஓரடி இறங்கி அப்படியே நின்றுவிட்டால், அடியிலிருந்து உப்புச் சவர் 40 அடி மேலேறலாம். ஆழத் தோண்டினால் தண்ணி கூடும் என்ற நம்பிக்கை இந்த மண்ணில் செல்லாது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணி, ஆழத்தில் உப்பு.

துலா மிதித்து, பட்டையால் இறைத்த காலத்தில், இறைக்க இறைக்கக் கிணறு ஊறிக்கொண்டிருந்தது. மிசின் வந்தபின் ஒரு காலைப்பொழுதிலேயே கிணறு வற்றுகிறது. இறைக்கும் இடத்துக்கு நேர் கீழே சவர் கூம்பாக எழுகிறது. முதுகொடியத் துலா மிதித்தவர்களின் பிள்ளைகளைத் திரும்பவும் மிதிக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. குறைவாக, இடைவெளி விட்டு இறைக்கலாம். சொட்டு நீர்ப்பாசனம் கைக்கு எட்டாத ஒன்றல்ல. மாரி வெள்ளம் தேங்கி நிலத்துக்குள் இறங்கும் குளத்தையும் கேணியையும் மண் கொட்டி மூடிக் கட்டடம் எழுப்புவதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. அப்படி ஒவ்வொன்றாக மூடும்போது, அந்த வெள்ளம் கானால் ஓடிக் கடலில் விழுகிறது.

மழையை விரைவாக உள்வாங்கும் கல், அழுக்கையும் அதே வேகத்தில் உள்வாங்கும். சுன்னாகத்தில் மின்நிலையத்தின் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கும்படி 2019இல் உயர் நீதிமன்றம் அந்த மின்நிலையத்தை நடத்திய நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. எண்ணெயாவது கண்ணுக்குத் தெரியும், மணக்கும். தோட்டத்து யூரியாவிலிருந்தும் மலக்குழியிலிருந்தும் இறங்கும் நைத்திரேற்றுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வலிகாமத்தில் பல கிணறுகள் இந்த எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்வதையே நைத்திரேற்று தடுக்கும். கொதிக்கவைத்தால் போகாது, நீர் ஆவியாக, மிஞ்சியதில் செறிவுதான் கூடும். குழந்தைக்குப் பால்மா கரைக்கும் வீட்டுக்காரரே, உங்களுடையது தோட்டத்தையோ மலக்குழியையோ அண்டிய கிணறாக இருந்தால், முதலில் ஒரு போத்தல் தண்ணியைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள்.