மிச்சச் சோற்றுத் தர்மம்

வாயில்லா ஜீவனுக்கு ஒரு கவளம் போடுவது புண்ணியம் என்று நம் ஜனங்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையோடு எனக்குச் சண்டையில்லை. அந்தக் கவளத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லையே, அதுதான் என் வழக்கு.

ஞாயிற்றுக்கிழமைகளில் கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்குப் போகிறவர்களைப் பாருங்கள். அருவியில் குளித்துவிட்டுப் பாறைமேல் உட்கார்ந்து பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிக்கிறார்கள். தின்ன மாட்டாமல் மிஞ்சியதை, வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும் நாயிடம் எலும்போடு சேர்த்துத் தள்ளுகிறார்கள். வெந்த கோழி எலும்பு ஊசியாகப் பிளந்து குடலைக் குத்தும் என்பது பற்றிக் கவலையே இல்லை. முகத்தில்தான் என்ன திருப்தி! வடலூர் தருமசாலையில் அன்னமிட்டுவிட்டு வந்தவர்களைப் போல!

“காலங்காலமாப் போட்டுக்கிட்டுத்தானே வர்றோம் சார், எந்த நாய் செத்துப்போச்சு?” என்று என்னிடம் கேட்டார் ஒருவர்.

செத்த நாய்க்கு யார் ஐயா கணக்கு எழுதினார்கள்? வெங்காயமும் பூண்டும் நாய் பூனைகளின் இரத்தத்திலுள்ள சிவப்பு அணுக்களைச் சிதைக்கின்றன. வெங்காயத்தால் நாய்க்கு இரத்தச் சோகை வருவதை அமெரிக்காவில் 1930-லேயே எழுதி வைத்துவிட்டார்கள். வேக வைத்தாலும் வதக்கினாலும் அந்த நஞ்சு போவதில்லை. தின்றவுடனே சுருண்டு விழுந்தால் நமக்கும் புரியும். இதுவோ சில நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். ஈறு வெளுக்கும், சிறுநீர் சிவக்கும், நாய் ஏதாவதொரு புதர் நிழலில் போய்ப் படுத்துக்கொள்ளும். அதற்குள் பிரியாணிக்காரர் வீடு போய்ச் சேர்ந்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருப்பார்.

ஒரு வாய் சாம்பார் சோற்றினால் பெரிய நாய்க்கு ஒன்றும் ஆகிவிடாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். எல்லாம் அளவைப் பொறுத்தது. ஆனால் கலந்து பிசைந்த சோற்றில் அளவை யார் கண்டது? பூனையின் எடையில் ஒரு கிலோவுக்கு 5 கிராம் வெங்காயமே கெடுதல் செய்யப் போதும். 3 கிலோ பூனைக்கு 15 கிராம். அதாவது இரண்டு மூன்று சின்ன வெங்காயம். நம் வீட்டு மீன் குழம்பில் அது இரண்டு கரண்டிக்குள் வந்துவிடுமே!

புளியின் கதையும் இருக்கிறது. திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது பழைய செய்தி. அதற்குக் காரணம் டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று 2021-ல் ஒரு சந்தேகம் கிளம்பியது. புளி தின்ற நாய்களுக்கும் அதே கேடு வந்ததாக 2022-ல் எழுதினார்கள். புளியில் நிறைந்திருப்பதும் அதே அமிலந்தான். தீர்ப்பு வருமுன்பே நான் புளிக்குழம்பை நாய்த்தட்டிலிருந்து விலக்கிவிட்டேன்.

சோறே கூடாது, டப்பாத் தீனிதான் போடவேண்டும் என்று வாதிக்கும் பட்டணத்து நண்பர்கள் சிலர் உண்டு. அவர்கள் கட்சியிலும் நான் சேரமாட்டேன். மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுப் பிரதிகள் ஓநாயைவிட நாய்க்கு அதிகம் என்று 2013-ல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் காட்டினார்கள். மனிதனை அண்டிப் பிழைத்ததன் பலன் அது! அதே கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் ஒரு வீட்டில் பார்த்தேன். சாமைச் சோறு வெந்ததும், யார் தட்டிலும் குழம்பு விழுமுன்பே, ஒரு பிடியை எடுத்துத் தனியே ஆற வைத்தாள் அந்த அம்மாள். “நாய்க்கு எதுக்கு சாமி நம்ம காரம்?” என்றாள். விஞ்ஞானம் அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

பூனையின் சமாசாரம் வேறு. அது மாமிசத்துக்கென்றே பிறந்த பிராணி. டாரின் என்ற சத்துக் குறைந்தால் கண்ணும் இதயமும் கெட்டுப்போகும். வெறுஞ்சோறு அதற்குப் போதாது. அதற்காகக் குழம்பு ஊற்றிப் பிசைய வேண்டியதுமில்லை. மீனைக் குழம்பில் போடுமுன் ஒரு துண்டை எடுத்து, உப்புப் போடாமல் வேக வைத்து, முள் நீக்கி வையுங்கள். இதனால் அடுப்படியில் கூடும் வேலை, ஒரு சின்னச் சட்டியைக் கழுவுவது.