மண்டையிடி பொய்யல்ல

போன மாதம் ஒரு சாயங்காலம், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி பையைப் போட்டுவிட்டு, "தாத்தா, மண்டை இடிக்கு" என்றாள். "நாளைக்குப் பரீட்சையா?" என்று கேட்டுச் சிரித்தேன். ஒன்றும் சொல்லாமல் இருட்டு அறையில் போய்ப் படுத்தாள். சற்று நேரத்தில் வாந்தி எடுத்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

ஒற்றைத் தலைவலி என்றார் டாக்டர். பெயர்தான் ஒற்றை, பிள்ளைகளுக்கு நெற்றியின் இரண்டு பக்கமும் வலிக்கலாமாம். வெளிச்சமும் சத்தமும் ஆகாது, குமட்டும். சீட்டு எழுதுமுன் அவர் மூன்று கேள்வி கேட்டார். எத்தனை மணிக்குத் தூங்கினாள்? காலையில் என்ன சாப்பிட்டாள்? பள்ளியில் எவ்வளவு தண்ணீர் குடித்தாள்?

இரவு பதினொன்றரைக்குப் படுத்து, அதிகாலை ஐந்தரை டியூஷனுக்காக ஐந்துக்கு எழுந்திருக்கிறாள். காலையில் அரை டம்ளர் டீ. கழிப்பறைக்குப் போக அருவருத்து, தண்ணீரே குடிப்பதில்லை. பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது மருத்துவம். இவள் தூங்குவது ஐந்தரை.

இந்த அட்டவணையைப் போட்டது யார்? நாம்தான். நான் அரசாங்கக் குமாஸ்தாவாக இருந்தவன். எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்காரச் சொன்னால் எங்கள் சங்கம் கொடி பிடிக்கும். பதினான்கு வயதுப் பிள்ளை பதினான்கு மணி நேரம் உழைக்கிறது. அதற்கு எந்தச் சங்கம்?

"நாங்க படிக்கலையா? எங்களுக்கு மண்டையிடி வந்துதா?" என்பார்கள் நம் வயதுக்காரர்கள். ஐயா, நாம் விளக்கணைத்ததும் தூங்கினோம். பழஞ்சி குடித்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போனோம். அப்பாவின் வேலை காரணமாக நான் புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தேன். "மால் அ லா தேத்", அதாவது தலை வலிக்கிறது என்றால் போதும். டீச்சர் தண்ணீர் கொடுத்து நிழலில் உட்கார வைப்பார். பொய்யா என்று கேட்டதில்லை.

வெறும் வயிற்றில் பிள்ளை படிக்காது என்று அரசாங்கத்துக்கே தெரியும். 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது அதனால்தான். அது ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது. அதற்கு மேல் நம் வீட்டு அடுப்புதான் பொறுப்பு. பயிற்சி மையங்கள் அதிகாலையிலும் இரவு வெகுநேரமும் வகுப்பு நடத்தக் கூடாது என்று 2024 ஜனவரியில் மத்திய அரசின் வழிகாட்டுதலும் வந்தது. கோப்பில் தூங்கும் காகிதங்களை நான் நிறையப் பார்த்தவன். இதுவும் தூங்குகிறது, பிள்ளைதான் தூங்கவில்லை. பக்கத்துக் கேரளத்தில் 2019-இலேயே சில பள்ளிகளில் தண்ணீர் குடிக்க மணி அடித்தார்கள். நல்ல காரியம். ஆனால் கழிப்பறை நாறினால் எந்த மணி அடித்தும் பெண்பிள்ளை குடிக்காது.

இன்னொன்று. மேசை இழுப்பறையிலுள்ள மாத்திரையை எடுத்து நீட்டாதீர்கள். மாதத்தில் பதினைந்து நாளுக்கு மேல் வலி மாத்திரை போட்டால், அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடவே கூடாது. காய்ச்சலோடு கழுத்து விறைத்தால், தலையில் அடிபட்டபின் வலித்தால், விடியலில் வலியும் வாந்தியுமாக எழுந்தால், பார்வை இரண்டாகத் தெரிந்தால், நடை தள்ளாடினால், தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரிக்கோ பக்கத்து டாக்டரிடமோ கொண்டுபோங்கள்.

எங்கள் வீட்டில் அதிகாலை டியூஷனை நிறுத்திவிட்டோம். மகனுக்கு என்மேல் கோபம். மார்க் குறையும் என்கிறான். குறையட்டும். அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு நானே போகிறேன். மார்க்கைப் பற்றி ஒன்றும் கேட்கப்போவதில்லை. கழிப்பறையைக் காட்டுங்கள் என்பேன். நீங்களும் உங்கள் பேரப்பிள்ளைகளின் பள்ளிக்குப் போய்க் கேளுங்கள்.