வென்றவரும் தோற்ற யுத்தங்கள்



நாளிதழைக் கையில் எடுத்ததும் நம் கண்கள் முதலில் தேடுவது, எந்த நாடு எந்த நாட்டை வென்றது என்னும் செய்தியைத்தான். நம்மில் ஒவ்வொருவருக்கும் மனத்திற்கு உகந்த வல்லரசு ஒன்று இருக்கிறது. அது முன்னேறினால் பூரிக்கிறோம்; பின்வாங்கினால் வாடுகிறோம். ஆயின், நாம் வெற்றி என்று கொண்டாடுவது உண்மையில் யாருக்கு வெற்றி, எத்தனை காலத்திற்கு வெற்றி என்பதைச் சற்றே நிதானமாகச் சிந்தித்திருக்கிறோமா?

அருள்மறையின் முப்பதாம் அத்தியாயத்திற்கு ‘அர்ரூம்’ என்று பெயர். ரோமர்கள் என்பது அதன் பொருள். அண்டை நிலப்பரப்பில் ரோமர்கள் தோல்வியுற்றதையும், சில ஆண்டுகளுக்குள் அவர்கள் மீண்டும் வெல்லவிருப்பதையும் அதன் தொடக்க வசனங்கள் அறிவிக்கின்றன. அச்செய்தியின் முழு அருமையையும் உணர வேண்டுமானால், அந்நாளைய உலக சரித்திரத்தை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

அன்றைய உலகின் இருபெரும் வல்லரசுகள் கிழக்கு ரோமும் பாரசீகமும் ஆகும். கி.பி. 591-இல் பாரசீக மன்னர் இரண்டாம் குஸ்ரூ, தாம் இழந்த அரியணையை ரோமப் பேரரசர் மாரிஸின் படையுதவியால்தான் மீட்டார். 602-இல் மாரிஸைக் கொன்று போகாஸ் என்னும் படைத்தலைவன் அரசைக் கவர்ந்தான். நன்றிக்கடனைக் காரணம் காட்டிக் குஸ்ரூ ரோமின் மீது படையெடுத்தார். 610-இல் போகாஸும் வீழ்ந்தான். பழிவாங்கப்பட வேண்டியவன் மடிந்த பின்னரும் யுத்தம் நிற்கவில்லை. நன்றிக்கடனாகத் தொடங்கியது நாடு பிடிக்கும் ஆசையாக வளர்ந்துவிட்டது. 613-இல் டமாஸ்கஸும், 614-இல் ஜெரூசலமும் பாரசீகர் வசமாயின. பின்னர் எகிப்தும் கை நழுவவே, அந்நாட்டுத் தானியத்தை நம்பியிருந்த கான்ஸ்டான்டிநோபிள் நகரத்து ஏழைகளுக்கு வழங்கப்பட்டு வந்த இலவச ரொட்டியும் நின்றுபோயிற்று.

ரோமர் தோற்ற செய்தி கேட்டு மக்கத்துக் குறைஷியர் மகிழ்ந்தனர் என்று விரிவுரையாளர்கள் எழுதுகிறார்கள். வேதம் பெற்றவர்களை வேதமற்றவர்கள் வென்றுவிட்டார்கள் என்பதே அவர்களுடைய களிப்புக்குக் காரணம். ரோம் மீண்டெழும் என்று அந்நாளில் யாராலும் எண்ண இயலவில்லை. ஆயினும் அருள்மறை கூறியவாறே நடந்தது. பேரரசர் ஹெராக்ளியஸ் தேவாலயங்களின் வெள்ளியை உருக்கி நாணயம் அடித்துப் படை திரட்டினார். 627 டிசம்பரில் நினேவா அருகே பாரசீகப் படையை முறியடித்தார். 628-இல் குஸ்ரூவை அவருடைய சொந்த மகனே அரியணையிலிருந்து இறக்க, அவர் கொல்லப்பட்டார்.

அந்த 26 ஆண்டுப் போரின் முடிவு என்ன தெரியுமா? யுத்தத்திற்கு முன்பு எந்த எல்லை இருந்ததோ, அதே எல்லைக்கு இரு பேரரசுகளும் திரும்பின! பொக்கிஷங்கள் காலியாயின, விளைநிலங்கள் பாழாயின. வரி செலுத்திய குடியானவனுக்கு ஓர் அடி நிலமும் கூடுதலாகக் கிடைக்கவில்லை. பாரசீகத்தில் நான்கே ஆண்டுகளில் மன்னர்களும் அரசிகளுமாகப் பலர் அடுத்தடுத்து அரியணை ஏறி இறங்கினர்.

இன்னொரு செய்தியும் கவனிக்கத்தக்கது. இரு பேரரசுகளும் தங்கள் எல்லையைக் காத்து நின்ற சிறிய நட்பரசுகளுக்கு முன்னரே துரோகம் இழைத்திருந்தன. கஸ்ஸான் அரபுத் தலைவர் முந்திரைக் கைது செய்து சிசிலித் தீவுக்கு அனுப்பியது ரோம். ஹீராவின் அரபு மன்னர் நுஃமானைக் கொன்றது பாரசீகம். தம்மை நம்பியவர்களிடம் வாக்குத் தவறிய அவ்விரு வல்லரசுகளும் தம் வேலியைத் தாமே பிடுங்கி எறிந்துவிட்டன. 636-இல் யர்மூக் போர்க்களத்தில் ரோமின் படை சிதறியது. பாரசீகத்தின் கடைசி மன்னர் யஸ்தகிர்து 651-இல் மர்வ் நகரருகே கொல்லப்பட்டதோடு அந்தப் பேரரசே மறைந்தது. வென்ற ஹெராக்ளியஸ் தாம் மீட்ட ஷாம் நாட்டைத் தம் ஆயுட்காலத்திலேயே நிரந்தரமாக இழந்தார்.

இரு பேரரசுகளும் களைத்து ஓய்ந்த அதே 628-ஆம் ஆண்டில், மக்காவுக்கு வெளியே ஹுதைபிய்யா என்னும் இடத்தில் மற்றோர் உடன்படிக்கை எழுதப்பட்டது. அங்கே அண்ணல் நபிகள் (ஸல்) அவர்கள் விட்டுக்கொடுத்தவை எத்தனை! உம்ரா செய்யாமலேயே அவ்வாண்டு திரும்ப இசைந்தார்கள். மக்காவிலிருந்து காப்பாளர் அனுமதியின்றி ஓடிவருவோரைத் திருப்பி அனுப்பவும் ஒப்புக்கொண்டார்கள். உமர் (ரலி) போன்ற பெருந்தகைகளே மனம் கலங்கி நின்றார்கள். அந்நேரத்தில் குறைஷியரின் தூதர் சுஹைலின் சொந்த மகன் அபூஜந்தல் (ரலி), கால் விலங்குடன் வந்து அடைக்கலம் கேட்டார். நெஞ்சை உருக்கும் காட்சி அது! ஆயினும் கொடுத்த வாக்கு காக்கப்பட்டது. பொறுமை காக்குமாறு அவருக்கு ஆறுதல் கூறப்பட்டது.

தோல்வி போல் தோன்றிய அந்த உடன்படிக்கை தந்த அமைதியில் மக்கள் அச்சமின்றிக் கலந்து பழகினர். ஹுதைபிய்யாவுக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 1,400 பேர் என்றும், ஈராண்டுகளுக்குள் மக்காவை நோக்கிச் சென்றவர்கள் 10,000 பேர் என்றும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. இடையில் உடன்படிக்கையை மீறியவர்கள் குறைஷியரும் அவர்களுடைய நட்புக் குலத்தாருமே.

இவை யாவும் பழங்கதை என்று ஒதுக்கிவிட இயலுமா, வாசகர்களே? குஸ்ரூவும் ஹெராக்ளியஸும் போரிட்ட அதே மண்ணில், நம் காலத்தில், முஸ்லிம்களே ஆளும் இரு நாடுகள் நடத்திய யுத்தத்தை எண்ணிப் பாருங்கள். ஷத்துல் அரபு நதியின் ஆழமான நீரோட்டமே எல்லை என்று ஈராக்கும் ஈரானும் 1975-இல் அல்ஜியர்ஸ் நகரில் உடன்பாடு கண்டன. 1979-இல் ஈரானில் புரட்சி நிகழ்ந்தது. அண்டை நாடு வலுவிழந்திருக்கிறது என்று கணக்கிட்ட சதாம் உசேன், 1980 செப்டம்பரில் அந்த உடன்பாடு செல்லாது என அறிவித்துப் படையெடுத்தார். 1982-இல் ஈரான் தன் மண்ணைப் பெரும்பாலும் மீட்டது. ஆயினும் அத்துடன் நிற்காமல் ஈராக்கிற்குள் நுழைந்தது. எட்டாண்டுகள் நீடித்த அப்போரில் லட்சக்கணக்கானோர் மாண்டனர். 1988 ஆகஸ்டில் துப்பாக்கிகள் ஓய்ந்தபோது எல்லை ஏறக்குறைய பழைய இடத்திலேயே இருந்தது!

இதில் வல்லரசுகளின் பங்கு என்ன? சோவியத் யூனியனும் பிரான்சும் ஈராக்கிற்கு ஆயுதம் விற்றன. அமெரிக்கா ஈராக்கிற்கு உளவுத் தகவல் அளித்துக்கொண்டே ஈரானுக்கும் இரகசியமாக ஆயுதம் விற்றது. அது 1986-இல் அம்பலமாயிற்று. கடன்சுமையில் சிக்கிய சதாம், 1990 ஆகஸ்டில் தமக்குக் கடன் கொடுத்த குவைத்தையே ஆக்கிரமித்தார். அதே மாதத்தில், ஈரானை அமைதிப்படுத்துவதற்காக, தாம் செல்லாது என்று கூறிய 1975 உடன்பாட்டை மீண்டும் ஏற்பதாக ஈரானியத் தலைவருக்குக் கடிதம் எழுதினார். ஆம்! எட்டாண்டு இரத்தம் சிந்திய பின்பு, புறப்பட்ட இடத்திற்கே வந்து சேர்ந்தார். ஆயுதம் விற்ற சோவியத் யூனியனோ 1991-இல் உலகப் படத்திலிருந்தே மறைந்தது. சதாமின் ஆட்சியும் 2003-இல் வீழ்ந்தது. கடன் மட்டும் ஈராக் மக்களின் தலையில் நின்றது.

வலிமை கைமாறிக்கொண்டே இருக்கும் என்பதும், வாழ்வும் தாழ்வும் மனிதர்களிடையே சுழன்று வரும் என்பதும் அருள்மறை நமக்கு உணர்த்தும் உண்மைகள். இன்றைய வல்லரசு நாளையும் வல்லரசாக இருக்கும் என்று எவராலும் உறுதி கூற முடியாது. எனவே, எவருக்குப் பலம் அதிகம் என்று பார்த்துப் பக்கம் சேர்வது ஈமான் கொண்டவருக்கு அழகாகாது. ஒப்பந்தத்தை மீறியவர் யார்? அத்துமீறியவர் யார்? அடிபட்ட எளியவர் யார்? செய்தியைப் படிக்கும்போது நாம் கேட்க வேண்டிய வினாக்கள் இவையே. மீறியவர் நம்மவராக இருப்பினும் விடையை மாற்றிச் சொல்லலாகாது. ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை நம்மை நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்பது இறைக்கட்டளை அன்றோ?

உலக அரசியலை மாற்றும் ஆற்றல் நமக்கு ஏது என்று நீங்கள் கேட்கலாம். வரப்புத் தகராறும், பாகப்பிரிவினைச் சச்சரவும், சகோதரர்களுக்கிடையே எழுதிய பத்திரத்தை மீறும் துணிவும் நம் குடும்பங்களில் இல்லையா? எதிரி தளர்ந்திருக்கும் வேளை பார்த்துப் பழைய பேச்சை மாற்றும் பழக்கம் நம்மிடையே இல்லையா? வாக்கைக் காக்கும் பயிற்சி அங்கே தொடங்கட்டும். நம் பிள்ளைகள் நம்மிடமிருந்து எதைக் கற்கிறார்களோ, அதையே நாளை ஊரிலும் நாட்டிலும் கடைப்பிடிப்பார்கள்.

வலிமை குன்றியபோது பொறுமையையும், வலிமை கூடியபோது நீதியையும், எந்நிலையிலும் வாக்குத் தவறாமையையும் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக!