புங்கமர நிழலில் சில மர்ம நாவல்கள்

தலைப்பைக் கண்டதும் பெற்றோர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். குடும்பப் பத்திரிகையில் கொலைக் கதைகளுக்கு என்ன வேலை என்று அவர்கள் கேட்பது நியாயமே. கட்டுரையைப் படித்து முடித்த பிறகு அவர்கள் தீர்ப்புக் கூறட்டும்.

இளவேனில் என்று ஏடுகள் கூறும் சித்திரையும் வைகாசியும் நம் பகுதியில் அனல் கக்கும் மாதங்கள். மாசியின் பிற்பாதியும் பங்குனியுமே நமக்கு வாய்த்த வசந்தம். ஸ்ரீபெரும்புதூரை அடுத்த மண்ணூர்ப் பக்கம் அந்நாட்களில் சென்று பாருங்கள். தொழிற்சாலைகளும் சரக்கு லாரிகளும் எவ்வளவுதான் பெருகிவிட்டாலும், புங்கமரம் தன் தளிரையும் பூவையும் மறக்கவில்லை. அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட அந்த ஒரு மணி நேரம், மரத்தடியில் அமர்ந்து படிப்பதற்கென்றே அமைந்தது போலிருக்கும். இரவுப் பணிக்குக் கம்பெனிப் பேருந்தை எதிர்பார்த்து நிற்கும் இளைஞருக்கும், தேர்வு முடிந்து வீட்டிலிருக்கும் மாணவிக்கும் அந்நேரம் கிடைக்கிறது. இன்று அதைக் கைபேசியே விழுங்கிக்கொண்டிருக்கிறது.

லாரியின் ஒலிப்பானும் கொசுக்கடியும் உள்ள இடத்தில் கனமான நூலை விரித்தால் இரண்டு பக்கத்திற்கு மேல் நகராது. மர்மக் கதையோ வாசகனைப் பிடித்த பிடியை விடாது. படிக்கும் பழக்கமே இல்லாத பிள்ளையைப் படிக்கவைக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

முதலில் நம்மவர் எழுதிய ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். கண்டியில் வழக்கறிஞராக விளங்கிய அறிஞர் சித்திலெப்பை 1885ஆம் ஆண்டில் ‘அசன்பே சரித்திரம்’ என்னும் நாவலை வெளியிட்டார். ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையை நடத்தியவரும் அவரே. எகிப்தில் பிறந்து, குழந்தையாயிருக்கும்போதே களவாடப்பட்டு, பம்பாயில் வளரும் அசன் தன்னைப் பெற்றவர் யார் என்று அறிவதே கதையின் உயிர்நாடி. எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போராடித் தோற்ற ஒராபி பாஷா 1883இல் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டுக் கொழும்பில் வந்திறங்கினார். அவருடன் சித்திலெப்பைக்கு நெருங்கிய நட்பு ஏற்பட்டது. அந்நிய தேசத்தில் நிற்கும் மனிதனின் ஏக்கத்தை ஆசிரியர் அறிந்திருந்ததில் வியப்பில்லை. ஆங்கிலத்தில் ஷெர்லாக் ஹோம்ஸ் முதன்முதலாக அச்சேறியது 1887இல்தான் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். நடை பழையது, முதல் பத்துப் பக்கங்களைப் பொறுமையுடன் கடக்க வேண்டும்.

அடுத்து, வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ‘மேனகா’. 1935இல் திரைப்படமாகவும் வந்த கதை இது. இதனை நம் வீடுகளில் படித்து விவாதிக்க வேண்டும் என்பேன். கணவன் வீட்டாரால் வஞ்சிக்கப்பட்டு மேனகா விற்கப்படுவது ஒரு முஸ்லிம் செல்வந்தனிடம். அவளுடைய மானத்தைக் காத்து, உடன்பிறந்தாள் போல அரவணைப்பவள் அவனுடைய மனைவி நூர்ஜஹான். தீயவனையும் நல்லவளையும் ஒரே வீட்டில் வைத்தார் ஆசிரியர். பிற்காலத்துக் கதைகளிலும் திரைப்படங்களிலும் முஸ்லிம் பெயருடையவன் வந்தாலே வெடிகுண்டோடுதான் வருவான் என்றாகிவிட்டதே, அதனுடன் இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

மர்மக் கதையை நான் பரிந்துரைப்பதற்கு முக்கியமான காரணமும் இங்கேதான் இருக்கிறது. நல்ல துப்பறியும் நாவலில் முதலில் சந்தேகிக்கப்படுபவன் பெரும்பாலும் குற்றவாளியல்ல. முகத்தையும் பெயரையும் வைத்து நாம் ஒருவனைக் குற்றவாளியாக்கிவிடுகிறோம். ஆசிரியர் சான்றுகளை ஒவ்வொன்றாக எடுத்துவைத்து நம்மை வெட்கப்பட வைக்கிறார். பெயரைக் கேட்டே சந்தேகிக்கப்படும் வேதனையை அறிந்த வீடுகளில் இந்த அனுபவத்தின் அருமை நன்கு விளங்கும். அண்டை வீட்டாரைப் பற்றிக் காதில் விழுந்ததை அப்படியே நம்பிவிடும் நமக்கும் இது வேண்டியதுதான்.

சிறுவர்களுக்குத் தமிழ்வாணனின் சங்கர்லால் கதைகளைத் தயங்காமல் கொடுக்கலாம். சிக்கல் முற்றும்போது சங்கர்லால் நாடுவது தேநீரைத்தான்! தமிழும் தெளிவாக இருக்கும்.

சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ வேறு தரம். இலையுதிர் காலத்தைத் திரித்து வைத்த பெயரை வசந்தத்தில் படிப்பதும் ஒரு வேடிக்கை. துப்பறியும் இருவருள் ஒருவனுக்கு வசந்த் என்றே பெயர்! நிகழ்பவை பேயின் வேலையா, விஞ்ஞானத்தின் வேலையா என்று கணேஷும் வசந்தும் தர்க்கித்துக்கொண்டே போவார்கள். பேய் பிசாசு என்று அஞ்சி மந்திரித்த தகட்டைத் தேடி ஓடுவோர் அந்தத் தர்க்கத்தைக் கவனிக்கட்டும். வசந்தின் பேச்சு சில இடங்களில் வரம்பு மீறும். ஆகவே பெரியவர்கள் முதலில் படித்துவிட்டுப் பிள்ளைகளிடம் கொடுப்பது நலம்.

கோவையைச் சேர்ந்த ராஜேஷ்குமார் எழுதிய நாவல்கள் 1500க்கும் மேற்பட்டவை. எல்லாம் ஒரே தரத்தில் இருக்க முடியாது. ஆனால் தொடர்பற்ற இரண்டு கதைகளைத் தனித்தனியே ஓடவிட்டு இறுதியில் முடிச்சுப் போடும் வித்தை அவருக்குக் கைவந்தது. சட்டைப் பையில் அடங்கும் அந்தச் சிறு புத்தகங்கள் பேருந்துப் பயணிகளுக்கு ஏற்றவை. அட்டைப் படம்தான் பல வீடுகளில் சங்கடம். பழைய நாளிதழில் உறை போட்டுவிடுங்கள். படத்துக்காகக் கதையைத் தண்டிக்க வேண்டாம்.

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து மக்களுக்குக் கொலை என்பது கதைப் பொருள் மட்டுமன்று. 1991 மே 21 இரவு அங்கே ராஜீவ் காந்தியும் அவருடன் மேலும் பலரும் குண்டுவெடிப்பில் மாண்டனர். அவ்வழக்கின் தலைமைப் புலனாய்வு அதிகாரியாக இருந்த கே. ரகோத்தமன் எழுதிய ‘ராஜீவ் கொலை வழக்கு’ நாவலன்று; எனினும் பெரியவர்கள் படிக்க வேண்டியது. அங்கே உயிரிழந்த புகைப்படக்காரர் ஒருவரின் காமிராவிலிருந்த படங்களைக் கொண்டு விசாரணை எப்படித் துளிர்த்தது என்பதை அறியும்போது, கற்பனைத் துப்பறிவாளர்களின் சாமர்த்தியம் சற்றுச் சிறியதாகவே தோன்றும். இதை மட்டும் மரத்தடிக்கு எடுத்துச் செல்லாதீர்கள். வீட்டில் அமைதியாக உட்கார்ந்து படியுங்கள்.

பழைய நூல்களைக் கிளை நூலகத்தில் கேட்டுப் பாருங்கள், மறுபதிப்புகளும் கிடைக்கின்றன. உங்கள் வீட்டில் கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்துபோன மர்ம நாவல் எது என்று எமக்கு எழுதுங்கள். குற்றவாளி யார் என்பதை மட்டும் எழுதிவிட வேண்டாம்!