சாலைக்கு அப்பால்

நுழையும்முன்

நகரத்தின் விளிம்பில் அகன்ற சாலையும் உயர்ந்த கட்டடங்களும் எழும்போது அதனை வளர்ச்சி என்கிறோம். அக்கட்டடங்களுக்குக் குடிநீர் எங்கிருந்து வருகிறது, கழிவுநீர் எங்கே செல்கிறது, மழைநீர் எவ்வழியே கடலைச் சேர்கிறது என்னும் வினாக்களுக்கு விடை காணாமல் அவ்வளர்ச்சியை மதிப்பிட இயலாது. சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலையை முன்வைத்து அவ்வினாக்களை எழுப்புகிறது இக்கட்டுரை.

முந்திய சாலை

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் பழைய சாலை, வயல்களுக்கும் ஏரிகளுக்கும் கேளம்பாக்கத்து உப்பளங்களுக்கும் இடையே சென்ற ஊரகச் சாலையாகவே நெடுங்காலம் இருந்தது. 2000ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. சிறுசேரியில் சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா உருவானது. மத்திய கைலாசம் முதல் சிறுசேரி வரை ஏறத்தாழ 20 கி.மீ. நீளத்திற்கு ஆறு வழிச்சாலை அமைந்து, ராஜீவ் காந்தி சாலை எனப் பெயர் பெற்றது. தமிழகத்தின் சிற்றூர்களில் பிறந்து, குடும்பத்தின் முதல் பட்டதாரிகளாகிய இளைஞர்கள் பலருக்கு இச்சாலை வாழ்வளித்தது. இதனை மறுப்பது நன்றியன்று.

எனினும், சாலை வந்த விரைவில் குழாய்கள் வரவில்லை. வழியிலிருந்த ஊர்கள் பல அப்போது ஊராட்சிகளாகவும் பேரூராட்சிகளாகவும் இருந்தன. சிற்றூருக்கென அமைந்த நிருவாகம், மாநகருக்குரிய கட்டடப் பெருக்கத்தைத் தாங்க வேண்டியதாயிற்று. 2011ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கி.மீ. என்பதிலிருந்து 426 சதுர கி.மீ. ஆக விரிந்தபோதுதான் பெருங்குடி, சோழிங்கநல்லூர் போன்ற பகுதிகள் மாநகருக்குள் வந்தன. அதற்குள் அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன.

விளைவு என்ன? ஒரு லாரி குடியிருப்புக்குத் தண்ணீர் கொண்டுவந்தது. மற்றொரு லாரி கழிவுநீரை அகற்றிச் சென்றது. அத்தண்ணீரில் பெரும்பகுதி அண்டை ஊர்களின் கிணறுகளிலிருந்து இறைக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, இவ்வழித்தடத்து நிறுவனங்கள் சில தம் பணியாளரை வீட்டிலிருந்தே பணியாற்றச் சொல்லின. உலகின் தொலைதூர நகரங்களோடு நொடியில் தொடர்புகொள்ளும் வளாகங்கள், கைகழுவும் நீருக்குத் தவித்தன. நெம்மேலியில் 2013இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையமும், 2024இல் 15 கோடி லிட்டர் திறனுள்ள மற்றொரு நிலையமும் தொடங்கப்பட்டன. இவை பெருந்துணையே. ஆயினும் நிலையம் ஆக்கித் தரும் நீரைத் தெருதோறும் கொண்டுசேர்க்கக் குழாய் வேண்டும்.

நீரின் வழி

ஊர்ப்பெயர்கள் நிலத்தின் இயல்பை உணர்த்துவன. துரைப்பாக்கம், காரப்பாக்கம், பெரும்பாக்கம், கேளம்பாக்கம் என இப்பகுதியில் ‘பாக்கங்கள்’ மிகுதி. பாக்கம் என்பது நெய்தல் நிலத்து ஊரைக் குறிக்கும் பழஞ்சொல். ஒக்கியம் மடுவு என்னும் பெயரிலுள்ள மடு, ஆழமான நீர்நிலையைச் சுட்டும். இது தண்ணீரின் இடம் என்பதை நம் முன்னோர் பெயரிலேயே பதித்துவைத்தனர்.

தென்சென்னையின் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அடைகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாயில் கலந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேர்கிறது. மழைவெள்ளத்தைத் தேக்கி மெல்ல வெளிவிடும் இச்சதுப்புநிலத்தின் பெரும்பகுதி சாலைகளாகவும் கட்டடங்களாகவும் குப்பைமேடாகவும் மாறியது. எஞ்சிய பகுதி 2022ஆம் ஆண்டில் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. 2015, 2023 ஆகிய ஆண்டுகளின் டிசம்பர் மழையில் இச்சதுப்புநிலத்தைச் சூழ்ந்த குடியிருப்புகள் நீரில் மிதந்தன. வெள்ளம் வீடு புகுந்தது என்றோம். வெள்ளத்தின் வீட்டில் நாம் புகுந்ததைச் சொல்ல மறந்தோம்.

யாருக்கான வளர்ச்சி?

இவ்வழித்தடத்தில் இன்னொரு கூட்டத்தாரும் வாழ்கின்றனர். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய மறுகுடியமர்வுக் குடியிருப்புகளில், நகரத்தின் நடுவே ஆற்றங்கரைகளிலும் கால்வாய்க் கரைகளிலும் வாழ்ந்த குடும்பங்கள் குடியேற்றப்பட்டன. வெள்ள இடரிலிருந்து காப்பதும் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. ஆனால் அவர்கள் வந்துசேர்ந்த இடமோ சதுப்புநிலத்தின் ஓரம். வேலையும் பள்ளியும் பழகிய சந்தையும் தொலைவாயின. வெள்ளம் மட்டும் உடன் வந்தது. கண்ணாடி மாளிகைகளைத் துப்புரவு செய்வோரும் காவல்காப்போரும் இத்தகைய குடியிருப்புகளிலிருந்தே வருகின்றனர். அவர்களுக்கு ஆறு வழிச்சாலையைவிடப் பாதுகாப்பாகக் கடக்கும் இடமும் நடைபாதையும் நேரத்திற்கு வரும் பேருந்துமே உள்கட்டமைப்பு.

முதலில் தொழில் வளரட்டும், வருவாய் பெருகட்டும், வசதிகள் பின்னர்த் தாமே வரும் என்பாருண்டு. ஏழ்மை மிக்க நாட்டில் இக்கருத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய எந்த அரசிடமும் பொருளில்லை. ஆனால் பிற்படுத்தியதால் செலவு குறைந்ததா? வெற்று நிலத்தில் குழாய் பதிப்பது எளிது. போக்குவரத்து நெருக்கடிமிக்க சாலையைத் தோண்டிப் பதிப்பது பன்மடங்கு அரிது. மாதவரம் முதல் சிறுசேரி வரையிலான மெட்ரோ தொடர்வண்டிப் பணி, டைடல் பூங்கா திறக்கப்பட்டு இருபது ஆண்டுகள் கழிந்தபின் இதே சாலையின் நடுவே நடைபெறுகிறது. குழாயையாவது பின்னர்ப் பதித்துக்கொள்ளலாம். மண்ணிட்டு மூடிய சதுப்புநிலத்தை எவ்வளவு பொருள் கொடுத்தும் முன்போல் மீட்க இயலாது.

வரிசை மாற வேண்டும்

தேவை வளர்ச்சியை நிறுத்துவதன்று. அதன் வரிசையை மாற்றுவது. முதலில் நீர்வழிகளை அளந்து எல்லையிட வேண்டும். அடுத்துக் குடிநீர், கழிவுநீர், மழைநீர் ஆகியவற்றுக்கான அமைப்புகள் நிலத்தடியில் இடம்பெற வேண்டும். பொதுப் போக்குவரத்தும் நடைபாதையும் சாலையோடு சேர்ந்தே பிறக்க வேண்டும். அதன்பின் கட்டடங்களுக்கு இசைவளிக்கலாம். வீடமைத்தல், நீர் வழங்கல், போக்குவரத்து ஆகியவற்றைக் கவனிக்கும் துறைகள் ஒரே வரைபடத்தின்முன் அமர்ந்து திட்டமிட்டால் இது கைகூடும்.

தமிழகத்தின் பிற நகரங்களிலும் புறவழிச்சாலைகளும் தொழிற்பூங்காக்களும் தோன்றி வருகின்றன. அங்கே இன்னும் ஏரிகள் உள்ளன, வாய்க்கால்கள் உள்ளன, வரிசையை முறைப்படுத்தக் காலமும் உள்ளது. நாளை அத்திட்டங்களை வரைவோரும் ஒப்புதல் அளிப்போரும் அங்கே குடியேறுவோரும் இன்றைய மாணவர்களே. உங்கள் ஊருக்குப் புதிய சாலை வருகிறது என்றால் மகிழுங்கள். அம்மகிழ்ச்சியோடு, அது எந்த வாய்க்காலைக் கடந்து வருகிறது, அவ்வாய்க்காலின் நீருக்கு என்ன வழி வைத்திருக்கிறது என்றும் கேளுங்கள்.