காருக்குள் கேட்கும் குரல்

மண்முனைத் துறையில் படகுப் பாதையில் வாவியைக் கடந்த காலம் 2014இல் பாலம் திறந்ததோடு முடிந்தது. இப்போது படுவான்கரைக்கு நானே கார் ஓட்டிப் போகிறேன். வழியில் மாடுகள் குறுக்கிடும், அழைப்புகளும் வரும். கைத்தொலைபேசியைக் கையில் பிடித்தபடி ஓட்டுவது சட்டப்படி குற்றம். மடியில் வைத்துக் குனிந்து பார்ப்பதும் ஆபத்துத்தான். அதற்கென ஒரு தாங்கி வேண்டும். அது பார்வையை மறைக்காத இடத்தில் இருக்கட்டும்.

புளூடூத் இல்லாத பழைய காருக்கு எஃப்.எம். ட்ரான்ஸ்மிட்டர் உதவும். அதைச் சிகரட் லைட்டர் துளையில் செருகுங்கள். வானொலி நிலையம் எதுவும் கேட்காத ஓர் அலைவரிசையை அதிலும் கார் வானொலியிலும் ஒன்றாக வையுங்கள். தொலைபேசிக் குரல் ஸ்பீக்கரில் வரும். ஜப்பானிலிருந்து வந்த பழைய கார்கள் பலவற்றின் வானொலி 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான் எடுக்கும். ட்ரான்ஸ்மிட்டரோ பெரும்பாலும் 87.5இல்தான் தொடங்கும். ஆகவே 87.5க்கும் 90க்கும் இடையில் தேடுங்கள்.

ஆனால் தோழிகளே, இதுவும் ஒரு சிறு ஒலிபரப்புத்தான். அருகில் நிற்கும் வாகனத்தின் வானொலி அதே அலைவரிசையில் இருந்தால் அங்கும் கேட்கலாம். காருக்குள் இருப்பவர்களுக்கோ எல்லாமே கேட்கும். அடிபட்ட ஒரு பெண் நம்மை நம்பிச் சொல்வதைப் பிறர் கேட்கலாமா? அழைப்பு வந்ததும் நான் முதலில் சொல்வது இதுதான்: “தங்கச்சி, கார்ல ஆக்கள் இரிக்காங்க. கொஞ்சம் பொறுங்க, நிப்பாட்டிட்டு எடுக்கன்.” பிறகு ஓரமாக நிறுத்தி, ட்ரான்ஸ்மிட்டரைக் கழற்றிவிட்டு, இறங்கி நின்று பேசுவேன். வசதி நமக்கு, இரகசியம் அவளுடையது.