அப்பாவின் புதுப் பேனா

போன மாதம் உலு திராம் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஐஸ்பெட்டியில் ஊறுகாய் போத்தலுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் டப்பா ஒளிந்திருந்தது. உள்ளே இரண்டு இன்சுலின் பேனாக்கள். கிளினிக்கில் கொடுத்து மூன்று வாரமாகியும் அப்பா ஒன்றைக்கூடத் தொடவில்லை.

“ஏம்ப்பா போடல?”

“மாத்திரையே போதும்மா. ஊசிக்குப் போயிட்டா அடுத்தது கால எடுக்கிறதுதான். உன் சித்தப்பாவுக்கு நடந்தத மறந்துட்டியா?”

சித்தப்பாவுக்குக் காலை எடுத்தது உண்மை. ஆனால் அதற்குக் காரணம் ஊசி அல்ல, பல வருடங்களாகக் கட்டுக்குள் வராமல் கிடந்த இனிப்புநீர். ஊசியைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டுக் கடைசியில் போட்டதால், பழி அதன் மேல் விழுந்தது.

இந்தப் பயம் நம் வீடுகளில் அதிகம். நோயும் அதிகம். 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில், மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூவரில் ஒருவர்! ஆண்டுகள் போகப் போக உடம்பு சுரக்கும் இன்சுலின் குறையும். பலருக்கு ஒரு கட்டத்தில் மாத்திரை மட்டும் போதாது. அது நோயாளி செய்த குற்றமல்ல.

1922இல் கனடாவின் டொராண்டோ நகரில் லியோனர்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்குத்தான் முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். சாகக் கிடந்தவன் பிழைத்தான். இன்சுலின் வந்தது உயிரைக் காப்பாற்ற.

இதையெல்லாம் சொன்னதும் அப்பா கொஞ்சம் இறங்கி வந்தார். “சரி, நீயே போட்டு விடு.”

நான் கோலாலம்பூரில் காலை நிகழ்ச்சி செய்பவள். தம்பி விடியற்காலை நாலரைக்கே மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்குக் கிளம்பிவிடுவான். அம்மாவுக்கு ஊசியைப் பார்த்தாலே தலைசுற்றும். தினமும் யார் போடுவது?

மறுநாள் விடுப்பு எடுத்து அவரைக் கிளினிக்கிற்கு அழைத்துப் போனேன். தாதி பேனாவை என்னிடம் தரவில்லை. “அங்கிள், நீங்களே போடுங்க” என்று அப்பாவின் கையில் கொடுத்தார். ஊசியின் நீளம் 4 மில்லிமீட்டர், ஓர் அரிசியைவிடக் குட்டை. வயிற்றில் குத்தி, பொத்தானை முழுக்க அழுத்தி, பத்து வரை எண்ணிவிட்டு எடுக்க வேண்டும். அப்பா கண்ணை மூடிக்கொண்டு எண்ணினார். “அவ்வளவுதானா?” என்றார்.

ஒரே இடத்தில் குத்தினால் தோலுக்கடியில் கட்டி விழும், மருந்து சரியாக ஏறாது, இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள் என்றார் தாதி. அந்தக் காலத்தில் தோட்டத்தில் பால்மரம் சீவியவர் அப்பா. “தெரியும்மா. ஒரே பட்டையில வெட்டிக்கிட்டே இருந்தா மரம் கெட்டுப்போகும்” என்றார். அதன்பிறகு அவருக்கு யாரும் பாடம் நடத்தத் தேவைப்படவில்லை.

இன்னும் சில விஷயங்களை நாங்கள் கற்றுக்கொண்டோம். திறக்காத பேனா ஐஸ்பெட்டியில் இருக்கலாம், உறையவைக்கும் தட்டில் கூடாது. பயன்பாட்டில் உள்ள பேனாவைப் பொதுவாக நான்கு வாரம் வரை வெளியே வைக்கலாம். ஆனால் வெயிலில் நிற்கும் மோட்டார் சைக்கிளின் இருக்கைக்கு அடியில் வைக்கக்கூடாது. அப்பாவுக்குக் கொடுத்தது சாப்பாட்டுக்கு முன் போடும் வகை. போட்டுவிட்டுப் பசியாறாமல் கோயிலுக்குக் கிளம்பினால் ஆபத்து. கை நடுங்கி, வியர்த்து, அளவு 4க்குக் கீழே இறங்கினால், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

இப்போது தினமும் காலையில், நான் ஸ்டூடியோவில் இருக்கும்போது அப்பாவிடமிருந்து வாட்ஸ்அப் வரும். ‘10’ என்று மட்டும் இருக்கும். எண்ணி முடித்துவிட்டார் என்று அர்த்தம்.

உங்கள் வீட்டு ஐஸ்பெட்டியிலும் தொடாத பேனா இருந்தால், அப்பாவையோ அம்மாவையோ திட்டாதீர்கள். எதற்குப் பயப்படுகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். கிளினிக்கிற்குக் கூடவே போங்கள். பேனாவை மட்டும் அவர்கள் கையிலேயே விட்டுவிடுங்கள்.